அஞ்சாவது ஆள் வெளியே நிற்கவும்

சிவகாசி வட்டாரத்தில் இன்றுவரை கம்ப்யூட்டர் வெடித்து ஒருவரும் சாகவில்லை என்றால், அதற்கு முழுக் காரணம் நாலாள் அண்ணாச்சி ஒருவர்தான். இதை நானாகச் சொல்லவில்லை. அண்ணாச்சியே பலமுறை சொல்லியிருக்கிறார். மறுத்துப் பேச ஒருவரும் கிடைக்கவில்லை. உண்மையிலேயே ஒன்றும் வெடிக்கவில்லையே.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும். ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நெடுங்காலம் ஃபோர்மேனாக இருந்தவர், ஐம்பது வயதை நெருங்கும்போது திடீரென அந்த வேலையை விட்டார். விட்டவர் ஆடு வாங்கியிருக்கலாம், டீக்கடை போட்டிருக்கலாம். கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்றுக்கொண்டார். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்து, பிறகு கம்ப்யூட்டருக்கு மாறிய ஒரு சென்டரில் கல்லூரிப் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்தாராம். வேலை மாறியதே தவிர ஆள் மாறவில்லை. பட்டாசு அறைக்கு என்னென்ன சட்டமோ, அத்தனையும் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்கும் சட்டம் என்று முடிவு கட்டிவிட்டார்.

பட்டாசுக் கம்பெனி பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளே போகுமுன் வாசலில் அடித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் அது வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். கையில் இரும்புச் சாமான் ஆகாது, பித்தளைதான். வெடிமருந்து கலக்கிற வேலை வெயில் ஏறுமுன் முடிந்துவிட வேண்டும். செய்து முடித்த சரக்கு வேலை நடக்கிற அறையில் தங்கக் கூடாது. வாசலில் வாளி நிறைய மணல் இருக்க வேண்டும். எல்லாமே உயிர் காக்கிற சட்டங்கள், ஒரு குறை சொல்ல முடியாது.

அவற்றை ஒரு ஜெராக்ஸ் கடையில் கொண்டுவந்து அமல்படுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

நான் அவரை முதலில் பார்த்தது சிவகாசியில் ஒரு லேபிள் அச்சகத்தில். ஒன்பதாம் வகுப்பில் பாதியில் இறங்கியவன் நான். அதன்பிறகு லாரி கிளீனர், கேரளத்தில் பரோட்டா மாஸ்டருக்கு மாவு பிசைபவன், திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டுபவன் என்று எதிலும் ஒரு வருஷம் நிலைக்காமல் சுற்றினேன். முப்பது வயது தாண்டியபின் அந்த அச்சகத்தில் வந்து விழுந்தேன். பேப்பர் பண்டல் தூக்குகிற வேலை. தூங்குவதும் கழிவுத் தாள்களின் மேல்தான். மெத்தைக்கு மோசமில்லை. காலையில் அச்சு மை ஒட்டி முதுகில் பாதி மயிலோடு எழுந்த நாட்கள் உண்டு, அவ்வளவுதான்.

ஒருநாள் காலை ஏழு மணிக்கு, கதர் வேட்டி, கதர்ச் சட்டை, சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு மணல் வாளி தொங்க ஒருவர் வந்து இறங்கினார். டிசைன் அறையின் நிலையில் செம்புத் தகட்டை அடித்து, அதிலிருந்து ஒரு கம்பியை இழுத்து வெளியே செம்பருத்திச் செடியின் வேரடியில் புதைத்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து எண்ணத் தொடங்கினார்.

"சின்ன முதலாளி ஒண்ணு. கணக்குப்பிள்ளை ரெண்டு. பேச்சி மூணு. நான் நாலு." என்னைப் பார்த்தார். "நீ யாருலே?"

"பண்டல் தூக்குறவன் அண்ணாச்சி."

"நீ அஞ்சு. வெளிய நில்லு."

நின்றேன். அதற்குப் பிறகு அண்ணாச்சி வரும்போதெல்லாம் நான்தான் அஞ்சு. மணல் வாளியின் பக்கத்தில் நிற்க வேண்டியது என் பதவி. ஞாயிற்றுக்கிழமை அச்சகம் லீவு, எனக்குப் போக வீடும் கிடையாது. அதனால் மற்ற இடங்களுக்கும் அவரோடு போய் வெளியே நிற்க ஆரம்பித்தேன். அப்படி நின்று பார்த்தவைதான் இதெல்லாம்.

ஒரு கல்யாண மண்டபம். மேனேஜர் மடிப்புக் கலையாத பேன்ட் போட்டு வந்து கைகொடுத்தார். அண்ணாச்சி கையை விட்டுவிட்டுப் பேன்டைப் பிடித்துக் கசக்கிப் பார்த்தார்.

"சார், இது என்ன துணி?"

"நல்ல துணிதான். ஏன்?"

"கசக்கினா மொறுமொறுங்குதே. இது நைலான் வகையறா. கழட்டிட்டு வாங்க."

மேனேஜர் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. கடைசியில் மண்டபத்துச் சமையல்காரரின் வேட்டியை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் மேனேஜர் தன் அறைக்குள் நுழைந்தார். அந்த நேரம் பார்த்து முகூர்த்தத்துக்கு மண்டபம் பேச வந்த பெண் வீட்டார், அவரிடம் சாம்பாருக்கு எத்தனை படி பருப்பு என்று கேட்டார்கள்.

இன்னொரு நாள் ஒரு பிரவுசிங் சென்டர். நடத்திவந்த பெண் நிறைமாதக் கர்ப்பிணி. உள்ளே அவள், அவள் கணவன், மாமனார், அண்ணாச்சி. சட்டப்படி நாலு. ஆனால் அண்ணாச்சி வாசலைத் தாண்டவில்லை.

"நாலு பேர்தான அண்ணாச்சி இருக்கோம்?" என்றாள் அந்தப் பெண்.

"வயித்துல இருக்குறதை எங்கன விட்டுட்டு வந்த தாயி?"

கணவன் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றான். பிள்ளை பிறந்தபின் ஒருமுறை போனபோது, தொட்டிலைக் காட்டி, "அஞ்சு ஆயிருச்சே அண்ணாச்சி" என்று அவனே எழுந்து வந்துவிட்டான். "நான் அன்னைக்கே எண்ணிட்டேன்லே" என்றார் அண்ணாச்சி. அவருக்கு அதில் ஒரு திருப்தி.

இரும்பு ஆகாது என்பதால் ஒரு பாத்திரக் கடையில் சொல்லிப் பித்தளையில் திருப்புளி செய்து வைத்திருந்தார். கம்ப்யூட்டர்ப் பெட்டியின் இரும்புத் திருகாணி முன்னால் அது வாழைப்பழம் மாதிரி வளையும். அவர் வேலை நேரத்தில் பாதி, திருப்புளியைக் கல்லில் வைத்து நிமிர்த்துவதில் போகும்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் திரி. சில கம்ப்யூட்டரில் இரண்டு விண்டோஸ் இருக்கும், பழையது ஒன்று, புதியது ஒன்று. திறந்ததும் கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்து, எது வேண்டும் என்று கேட்கும். கீழே ஓர் எண் நொடிக்கு ஒன்றாகக் குறைந்துகொண்டே வரும். அது தீருமுன் நாம் சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தானாக ஒன்றைத் திறந்துகொள்ளும். மற்ற மெக்கானிக்குகள் அதைப் பத்து, இருபது என்று வைப்பார்கள். அண்ணாச்சிக்கு அது எண் அல்ல. அது திரி.

"பத்த வச்சவன் எட்டப் போக நேரம் வேண்டாமாலே? பத்துங்கிறது என்ன கணக்கு? ஒத்தை வெடிக்குக்கூடப் பத்தாது" என்று அந்தப் பெட்டி எவ்வளவு தாங்குமோ அவ்வளவும் வைத்துவிடுவார். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. கால் மணி நேரத்துக்கும் மேலே. எண்டரைத் தட்டினால் உடனே திறந்துவிடும் என்பதை அவர் யாரிடமும் சொல்வதில்லை, திரியைப் பாதியில் கிள்ளுவது அவருக்குப் பிடிக்காது. ஒரு வக்கீல் குமாஸ்தா காலையில் பட்டனைத் தட்டிவிட்டுக் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு, காபி குடித்துத் திரும்பி வந்து வேலையைத் தொடங்குவார். அண்ணாச்சி வந்தபிறகு தமக்குப் பக்தி கூடியிருக்கிறது என்று சொன்னார்.

இப்படிப்பட்டவரை ஏன் மறுபடி மறுபடி கூப்பிட்டார்கள் என்றால், அவர் கைபட்ட கம்ப்யூட்டரில் ஒன்றும் தொலையாது. மற்றவர்கள் எதற்கெடுத்தாலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவார்கள். அண்ணாச்சி ஒரு தூசியைக்கூட அழிக்க மாட்டார். ஒரே ஒரு தடவை அந்தப் பெயருக்கும் ஆபத்து வந்தது. அதுவும் எங்கள் அச்சகத்தில், தீபாவளி சீசன் உச்சத்தில்.

டிசைன் வேலை பார்த்த பேச்சி தாயில்பட்டிக்காரி. முதலில் புஸ்வாணம் செய்கிற அறையில் வேலை பார்த்தவள். அவளோடு வேலை பார்த்த அவள் அக்காவுக்கு ஒருநாள் இரண்டு கையும் வெந்துபோனது. அக்கா பிழைத்துவிட்டாள். ஆனால் சோற்றை இன்னொருவர் ஊட்ட வேண்டும். பேச்சி அதோடு மருந்தைத் தொடுவதை விட்டாள். லேபிள் வரையக் கற்றுக்கொண்டு எங்கள் அச்சகத்துக்கு வந்தாள். அம்மா, அக்கா இருவரும் அவள் சம்பளத்தில் சாப்பிட்டார்கள். அவள் வரைந்த மயிலும் யானையும் ஒட்டிய பெட்டிகள் எந்தெந்த ஊர்களிலோ கிழிபட்டுக் குப்பைக்குப் போயிருக்கின்றன. அதைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

அவள் கம்ப்யூட்டரிலும் அந்த இரண்டு வரி உண்டு. முதல் வரி புதிய விண்டோஸ், அதில் கணக்குப்பிள்ளை பில் போடுவார். இரண்டாவது வரி பழையது. அது தனி டிஸ்கில் இருந்தது. அவள் படம் வரைகிற பழைய புரோகிராமும், பழைய தமிழ் எழுத்துகளும் அதில் மட்டும்தான் ஓடும்.

யாரோ ஒரு பார்ட்டி கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து வைரஸ் ஏறிப் புதிய விண்டோஸ் படுத்துவிட்டது. அண்ணாச்சி வந்தார். தகட்டைத் தொட்டார், எண்ணினார், என்னை வெளியே நிறுத்தினார். பெட்டியைத் திறந்ததும் உள்ளே இரண்டு டிஸ்க் இருப்பதைப் பார்த்து நின்றார்.

"இந்த ரெண்டாவதுல என்ன தாயி இருக்கு?"

"என் டிசைன் அம்புட்டும் அதுலதான் அண்ணாச்சி."

"செஞ்சு முடிச்சதா?"

"ஆமா."

"முடிச்ச சரக்கு வேலை ரூம்ல இருக்கக் கூடாதே."

அந்த டிஸ்கைக் கழற்றி, ஒரு பருத்தித் துண்டில் சுற்றி, சைக்கிள் ஸ்டாண்டில் கொண்டுபோய் வைத்து என்னைக் காவல் வைத்தார். உள்ளே போய்ப் புதிய விண்டோஸை நிதானமாகப் போட்டு முடித்தார். அதன்பிறகு டிஸ்கைக் கொண்டுவந்து பழைய இடத்தில் மாட்டினார். பட்டனைத் தட்டினார்.

கம்ப்யூட்டர் நேராகப் புதிய விண்டோஸுக்குள் போய் நின்றது.

"ரெண்டு வரி வரலையே அண்ணாச்சி?" என்றாள் பேச்சி.

அணைத்துத் திறந்தார்கள். மறுபடியும் அப்படியே. டிஸ்க் உள்ளேதான் இருந்தது. அதிலுள்ள படங்களின் பெயர்களும் தெரிந்தன. ஆனால் திறந்தால் மயிலின் தோகை கட்டம் கட்டமாக வந்தது, தமிழ் எழுத்துகளெல்லாம் கடித்துத் துப்பியது போலக் கிடந்தன. பழைய விண்டோஸுக்குள் போனால்தான் சரியாகத் திறக்கும். போவதற்கு வழியைக் காணோம்.

அண்ணாச்சி பதறாமல் விளக்கினார். "புதுசு வந்து குடியேறையில பழசு சைக்கிள் ஸ்டாண்டுல இருந்துச்சு. அதான் தனக்கு ஒரு பங்காளி இருக்குறது இதுக்குத் தெரியல. சொல்லி வச்சாச் சரியாயிரும்." பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஆகப்போகிறது. எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"எங்க கெளம்பிட்டீக?" என்றார் சின்ன முதலாளி.

"வெயில் ஏறிருச்சுல்ல."

சின்ன முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தவர். அப்பா மூட்டுவலியோடு வீட்டில் இருந்ததால் புதிதாகப் பொறுப்பேற்றிருந்தார். பயந்த முதலாளி கெட்ட முதலாளியைவிடச் சத்தமாகப் பேசுவார்.

"நாளைக்கு மத்தியானம் மயில் லேபிள் அச்சுப் பிளேட்டுக்குப் போகணும் அண்ணாச்சி! சீசன்ல அந்த ஆர்டர் போச்சுன்னா எங்கப்பா என்னைய உரிச்சுத் தொங்க விட்டுருவாரு!"

"மருந்து ஆர்டரைப் பாக்காது முதலாளி" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி வாளியோடு போய்விட்டார்.

சின்ன முதலாளி உடனே மெட்ராஸில் இருக்கும் மச்சானுக்குப் போன் போட்டார். அந்த மச்சான் சொன்னது வாசலில் நின்ற எனக்கே கேட்டது. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பி, டிசைனை இனிமே நானே இங்க இருந்து பண்ணி அனுப்புறேன், அதுக்கு எதுக்கு ஒரு ஆளு.

போனை வைத்துவிட்டுப் பேச்சியின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அந்த மயிலு வரலைன்னா டிசைனை மெட்ராஸுக்கு மாத்திருவேன் பேச்சி. அதுக்கப்புறம் ஒனக்கு இங்கன வேலை இருக்காது. என்னையத் தப்பா நினைக்காத."

"நினைச்சு என்ன செய்யப் போறேன் முதலாளி" என்று அவள் வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினாள்.

"வேற பிரஸ்ல கேட்டுப் பாப்பமே?" என்றேன்.

"சீசன் நடுவுல எவன் டிசைனுக்குப் புது ஆளு எடுப்பான் அண்ணே? ஆளு எடுக்கிற இடம் ஒண்ணுதான். புஸ்வாணத்துக்குக் கை பத்தலன்னு போன வாரங்கூட வீட்டு வாசல்ல வந்து கேட்டாக." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "போயிரலாம். அக்காகிட்ட எப்படிச் சொல்லன்னுதான் தெரியல."

கணக்குப்பிள்ளையின் சைக்கிளை எடுத்துக்கொண்டு விஸ்வநத்தத்துக்கு மிதித்தேன். அண்ணாச்சி வீட்டில் மோர்ச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இன்னைக்கே வந்து முடிச்சுக் குடுத்துருங்க."

"மணி என்ன?"

"ஒண்ணு."

"உச்சி வெயில்ல மருந்து கலந்தா என்ன ஆகும்?"

"அது மருந்து அண்ணாச்சி. இது கம்ப்யூட்டரு."

"நீ எம்புட்டுப் படிச்சிருக்க?"

"ஒம்பது. பாதி."

"நான் எட்டு. முழுசு. சொன்னாக் கேளு."

இதற்கு மேல் வாதாட என்னிடம் படிப்பு இல்லை. "பேச்சி மறுபடி புஸ்வாணத்துக்குப் போகப்போகுதாம்" என்றேன்.

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"எந்தக் கம்பெனி?"

"தெரியல."

"ரூமுக்கு எத்தனை பேரு வைக்கான்?"

"எனக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்?"

பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினார். வரப்போகிறார் என்று நினைத்துச் சைக்கிளைத் திருப்பினேன். அவர் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். "வெள்ளன வாரேன். ஆறு மணிக்குக் கதவைத் தொறந்து வைக்கச் சொல்லு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் ஆறு மணிக்கு வந்துவிட்டார். ஆனால் உள்ளே சின்ன முதலாளி, கணக்குப்பிள்ளை, பேச்சி போக, மயில் லேபிளுக்கு ஆர்டர் கொடுத்த பட்டாசுக் கம்பெனியின் ஆளும் வந்து உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி தகட்டைத் தொட்டார், எண்ணினார், திரும்பி வந்து வாளியின் பக்கத்தில் குத்தவைத்தார்.

"நாலு இருக்கீக. நான் அஞ்சு. யாராச்சும் ஒரு ஆளு வெளிய வாங்க."

"எல்லாரும் வேண்டியவுகதான் அண்ணாச்சி. கணக்குப்பிள்ளை பாஸ்வேர்டு சொல்லணும். இவரு பார்ட்டி. எப்படி வெளிய போகச் சொல்ல?" என்றார் சின்ன முதலாளி.

"அப்ப நீங்க வாங்க."

"என் கம்பெனில நான் வெளிய நிக்கணுமாக்கும்?"

"நிக்க வேண்டாம். மணல் மேல உக்காரலாம்."

ஒருவரும் அசையவில்லை. வெயில் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தது. கடைசியில் பேச்சி எழுந்தாள்.

"நான் வாரேன் அண்ணாச்சி. எப்படியும் வெளிய போகப்போறவதான."

அண்ணாச்சி சத்தம் போட்டு நான் கேட்டது அன்று ஒருநாள்தான். "நீ உக்காருத்தா! சரக்கு ஒன்னோடது. ஒன்னைய வெளிய விட்டுட்டு நான் எதையும் தொட மாட்டேன்." பிறகு சின்ன முதலாளியைப் பார்த்தார். 

சின்ன முதலாளி வெளியே வந்தார். வரும்போது பயத்தில் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் பக்கத்தில் நின்றார்.

"இது என்னது?"

"மணல் வாளி முதலாளி."

"எதுக்கு?"

"தெரியாது முதலாளி."

"ம்."

வாசலிலிருந்து இருவரும் பார்த்தோம். அண்ணாச்சி தன் பென்டிரைவைச் செருகி, விண்டோஸுக்குள் போகாமலே ஒரு கறுப்புத் திரையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு டிஸ்குக்கும் கம்ப்யூட்டர் ஓர் இங்கிலீஷ் எழுத்தைப் பெயராக வைக்கும். நேற்று விண்டோஸுக்குள் அந்த டிஸ்க் 'ஈ' என்ற எழுத்தில் இருந்தது. அதையே அடித்தார். அப்படி ஒன்றும் இல்லை என்று வந்தது. வேறு எதையோ அடித்தார். அணைத்துத் திறந்ததும் இரண்டு வரி வந்தன. கணக்குப்பிள்ளை கைதட்டினார். ஆனால் முதல் வரியைத் தட்டினாலும் புதிய விண்டோஸ், இரண்டாவது வரியைத் தட்டினாலும் அதே புதிய விண்டோஸ். கணக்குப்பிள்ளை கையை மடியில் வைத்துக்கொண்டார். அந்த இரண்டாவது வரியை அண்ணாச்சி கோபத்தோடு நீக்கினார். மணி எட்டு, ஒன்பது என்று போனது. அண்ணாச்சியின் கதர்ச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

சின்ன முதலாளி மெதுவாகப் போனை எடுத்தார். அண்ணாச்சி திரும்பாமலே, "போனு வாசலுக்கு அங்கிட்டு" என்றார். முதலாளி தெருவுக்குப் போய், கேட்டைத் தாண்டி நின்று மச்சானைக் கூப்பிட்டார். அங்கிருந்தே எனக்குச் சைகை காட்டினார். அழித்துவிடலாம் என்று அர்த்தம்.

உள்ளே அண்ணாச்சி ஒவ்வோர் எழுத்தாகத் திறந்து, அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று வரிசையாக வரவழைத்துக்கொண்டிருந்தார். வெள்ளை எழுத்துகள் சரசரவென்று மேலே ஓடின.

"நிறுத்துங்க அண்ணாச்சி!" என்றாள் பேச்சி. "கொஞ்சம் மேல. அந்தா, மயில்னு இருக்குல்ல? அது என் மயிலு. அதுக்குக் கீள மாடத்தி. அது எங்கக்கா பேரு."

"அக்கா பேரு எதுக்கு இதுல?"

"புஸ்வாணம் எப்படி விரியும், எந்தக் கலரு மேல ஏறும்னு அது சொல்லும், நான் வரைவேன். அப்படி வரைஞ்சதை எல்லாம் அதுல போட்டு வச்சிருக்கேன்."

அண்ணாச்சி திரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் உட்கார்ந்திருந்தார். "அங்கன விண்டோஸுல ஈ. இங்கன வந்து டீ. ஒரே வீட்டுக்கு ரெண்டு கதவு நம்பரு. எனக்கு இது தோணாமப் போச்சே" என்று முனகினார். அந்த எழுத்தைப் போட்டு ஒரு வரி அடித்தார். அது ஏற்றுக்கொண்டது. திரியை நீட்டுவதற்கு இன்னொரு வரி அடித்தார், அந்த அவசரத்திலும். அணைத்துத் திறந்தார்.

கறுப்புத் திரை. இரண்டு வரி. பழையதன்மேல் வெளிச்சம் நின்றது. கீழே தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு.

பேச்சியின் விரல் எண்டருக்குப் போனது.

"தொடாத. மொதத் தடவை. திரி முழுசா எரியட்டும். எல்லாரும் வெளிய வாங்க."

அந்தக் கால் மணி நேரம் நாங்கள் முற்றத்துப் புங்கமரத்தடியில் நின்றோம். பட்டாசுக் கம்பெனி ஆள் பழக்கதோஷத்தில் எங்களை எல்லாம் இன்னும் பத்தடி பின்னால் தள்ளி நிறுத்தினார். கணக்குப்பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கேட்டுக்கு வெளியே நின்ற சின்ன முதலாளி, எல்லோரும் எதற்கு வெளியே வந்துவிட்டோம் என்று தெரியாமல் சுவருக்குப் பின்னால் குனிந்துகொண்டார். பேச்சி மட்டும் ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள்.

நான் அண்ணாச்சியின் பக்கத்தில் போனேன். "எப்பவும் என்னையவே ஏன் அண்ணாச்சி வெளிய நிக்கச் சொல்றீக?"

அவரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சீசன்ல காதுகுத்துன்னு ஒரு நாளு லீவு போட்டேன். ஆர்டர் அவசரம்னு என் ரூம்ல கூட ஆளை உக்கார வச்சிட்டாக. நான் திரும்பி வரையில ரூமு இல்ல." துண்டால் கழுத்தைத் துடைத்தார். "உள்ள யாரு யாரு இருந்தாகன்னு போலீஸ்காரரு கேட்டாரு. எனக்குத் தெரியல. யாருக்கும் தெரியல. அன்னைக்குத்தான் மொத நாளு வேலைக்கு வந்த பிள்ளை ஒண்ணு. அதோட அம்மா தேடி வந்தப்புறந்தான் அது பேரே தெரிஞ்சது."

நான் டிசைன் அறை வாசலில் இருந்த மணல் வாளியைப் பார்த்தேன்.

"வெளிய ஒருத்தன் நிக்கணும்லே. உள்ள யாரு இருக்காகன்னு தெரிஞ்சவன் ஒருத்தன். ஓடத் தெரிஞ்சவனாவும் இருக்கணும். நீதான் ஒரு இடத்துல நிக்காம ஓடிக்கிட்டே இருக்கவனாச்சே."

ஜன்னலுக்குள்ளிருந்து பழைய விண்டோஸ் திறக்கிற அந்த இசை வந்தது. கணக்குப்பிள்ளை துள்ளிவிட்டார். அண்ணாச்சி எங்களைக் கையமர்த்திவிட்டுத் தான் மட்டும் உள்ளே போனார். பிறகு ஜன்னலில் தலை தெரிந்தது.

"வாங்க. மூணு பேரு மட்டும்."

திரை முழுக்க மயில். பேச்சி நாற்காலியில் உட்கார்ந்து, படத்தைப் பெரிதாக்கி, தோகையில் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தாள். அழவோ சிரிக்கவோ இல்லை. பட்டாசுக் கம்பெனி ஆள் பக்கம் திரும்பி, "போன தடவை பச்சை கம்மியா இருக்குன்னு சொன்னீகளே, கூட்டிரவா?" என்று கேட்டாள். அவள் எங்கேயும் போகப்போவதில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மத்தியானம் மயில் பிளேட்டுக்குப் போனது. சின்ன முதலாளி உள்ளே வரவில்லை. வாளியின் பக்கத்தில் நின்று, "இனிமே டிசைன் அனுப்ப வேண்டாம் மச்சான்" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். மணி பத்தைத் தாண்டி நெடுநேரம் ஆகியிருந்தது. அண்ணாச்சியிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. அவரும் அன்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பொங்கலுக்கு முன்னால் நான் அந்த வேலையை விட்டேன். காரணம் ஒன்றும் இல்லை. அண்ணாச்சி இப்போது மகளோடு திருப்பூரில் இருக்கிறார். அடுக்குமாடி வீட்டு நிலையில் செம்புத் தகடு அடித்தாயிற்று. லிஃப்டில் ஆறு பேர் போகலாம் என்று எழுதியிருந்தும் நாலு பேருக்கு மேல் ஏற விடுவதில்லையாம். குடியிருப்போர் சங்கத்தில் புகார் வந்திருக்கிறது.

போன மாதம் லைசென்ஸ் நகல் எடுக்க விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தேன். கரன்ட் போய் வந்திருந்தது. கம்ப்யூட்டரில் கறுப்புத் திரை, இரண்டு வரி, கீழே தொள்ளாயிரத்துச் சொச்சம்.

"இது இப்படித்தாண்ணே, எவரோ ஒரு மனுசன் வந்து பாத்துட்டுப் போனதுல இருந்து" என்றாள் கடைக்காரப் பெண். "எண்டரைத் தட்டினா வந்துரும்."

"தட்டாதம்மா" என்றேன். "எனக்கு அவசரம் இல்ல."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் உள்ளே எண்ணினேன். அவள், இரண்டு கல்லூரிப் பெண்கள், ஒரு பெரியவர். வாசலுக்கு வந்து போனை எடுத்தேன்.

"எங்கனலே இருக்க?" என்றார் அண்ணாச்சி.

"விருதுநகர்ல. ஒரு ஜெராக்ஸ் கடை."

"உள்ள எத்தனை பேரு?"

"நாலு."

"நீ?"

"நான் வெளிய நிக்கேன் அண்ணாச்சி."



"சரி, நில்லு" என்றார்.

திரி எரிந்து முடியும்வரை நின்றேன்.